இரண்டு மடங்கு ஸ்கிம்மர் வாங்கச் சொல்லும் ஞானிகளுக்கு

கடல்நுரை:
850 லிட்டர் பவளத்தொட்டி வைக்கப்போகும் ஒரு புதியவருக்கு நேற்று இங்கே ஒருவர் அருளிய உபதேசம் இது: "ஸ்கிம்மர் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். 1,700 லிட்டருக்கான ஸ்கிம்மரையே வாங்குங்கள். பெரிதாக வாங்கிக் கெட்டவர் யாருமில்லை."

கெட்டவர்கள் இருக்கிறார்கள் ஐயா. ஸ்கிம்மர் என்பது தொட்டி நீரில் காற்றுக்குமிழி விட்டுக் கழிவை நுரையாக வெளியேற்றும் கருவி. கரிமக் கழிவு காற்றுக்குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலேறி, கழுத்தில் கெட்டி நுரையாகிக் கோப்பையில் வழிய வேண்டும். தொட்டியில் நாலைந்து சிறு மீன்களை விட்டுவிட்டு, அகலக் கழுத்துள்ள ராட்சத ஸ்கிம்மரை மாட்டினால் அந்தக் கழுத்தை நிரப்பக் கழிவுக்கு எங்கே போவது? நுரை பாதி ஏறும், உடைந்து விழும். கோப்பை காய்ந்தே கிடக்கும். 'ஸ்கிம்மர் சரியில்லை' என்று அதை விற்றுவிட்டு இன்னும் பெரியதைத் தேடுவார்கள்.

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், தவறில்லை.

என் ஸ்கிம்மர் மணிக்கு 1,800 லிட்டர் காற்றை இழுக்கிறது. காற்றுதான் நுரை, நுரைதான் சுத்தம். கழுத்து, தோள்பட்டை என்று உடற்கூறு பாடம் நடத்துகிறவர்கள் முதலில் தங்கள் ஸ்கிம்மர் எவ்வளவு காற்று இழுக்கிறது என்று சொல்லட்டும். என் தொட்டியில் ஐந்து டாங் மீன்கள், அக்ரோபோரா பவளம் கிளை கிளையாக வளர்கிறது. வந்து பார்க்கலாம். தெம்பனிஸ் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே வரலாம்.

கடல்நுரை:
1,800 என்று யார் அளந்தது?

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
தயாரிப்பாளர் அளந்தது. பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது.

கடல்நுரை:
உங்கள் ஸ்கிம்மர் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது என்று நீங்களே மார்தட்டி எழுதிய பதிவு இன்னும் இங்கே இருக்கிறது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், சிங்கப்பூரில் 50. மாறுமின்னோட்டத்தில் ஓடும் சாதாரண ஏசி பம்ப் அங்கே நிமிடத்துக்கு 3,600 சுற்றுச் சுற்றினால் இங்கே 3,000தான் சுற்றும். ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது. காற்றும் அதற்கேற்பக் குறையும். ஆகவே உங்கள் 1,800 இங்கே 1,800 அல்ல.

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கென்றே தனி இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழலும் சக்கரம்) போட்டு அனுப்பும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள் என்பதாவது தெரியுமா? என்னுடையதில் அதுதான் இருக்கிறது. 1,800 என்றால் 1,800.

ஈசூன் உப்பு:
இருவரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பல பெட்டிகளில் ஒரே ஸ்கிம்மருக்கு இரண்டு மூன்று அளவுகள் போட்டிருக்கிறார்கள்: மீன் குறைவாக இருந்தால் இத்தனை லிட்டர், நிறைய இருந்தால் இத்தனை. நீங்கள் எதை இரண்டு மடங்காக்குகிறீர்கள், எதைப் பாதியாக்குகிறீர்கள்?

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
அதெல்லாம் பிறகு பார்க்கலாம். 50 ஹெர்ட்ஸ் என்று கதை விட்டவர் முதலில் பதில் சொல்லட்டும்.

கடல்நுரை:
தனி இம்பெல்லர் இருக்கிறது என்று கழற்றிப் பார்த்தீர்களா, அல்லது அதுவும் பெட்டியில் அச்சடித்திருக்கிறதா?

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
நான் எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பேசுவேன். சிலர் தாங்கள் விற்கும் பவளத்தைக்கூடத் திருப்பிப் பார்ப்பதில்லை. உங்களிடம் வாங்கிய துண்டில் ஒட்டிக்கொண்டு வந்த ஏப்டேசியா கடற்சாமந்தி இன்றைக்கும் என் பாறைகளில் குடித்தனம் நடத்துகிறது. அந்தக் கொட்டும் சனியனை ஒழிக்கப் பெப்பர்மின்ட் இறால் வாங்கி விட்டதே மிச்சம்.

கடல்நுரை:
வாங்கிய பவளத்தை மருந்து நீரில் முக்கி எடுக்காமல் நேரே தொட்டியில் போட்டவர் யார்? ஏப்டேசியா என் வீட்டில் இல்லை. வேறு எங்கிருந்தோ வந்ததற்கு என் தலையில் பழி.

கிளமெண்டி அலை:
என் 600 லிட்டர் தொட்டியில் ஸ்கிம்மரே இல்லை. தொட்டிக்குக் கீழே வைக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டியில் கீட்டோ பாசி வளர்க்கிறேன், வாரந்தோறும் நீர் மாற்றுகிறேன். மென்பவளங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009 வாக்கில் பலவகை ஸ்கிம்மர்களை அளந்து பார்த்திருக்கிறார். நீரில் கரைந்த கரிமத்தில் அவை எடுத்தது சுமார் 20 முதல் 30 விழுக்காடுதான். வகைக்கு வகை பெரிய வேறுபாடும் இல்லை. நீங்கள் இருவரும் அடித்துக்கொள்வது அந்தக் கால் பங்குக்காக.

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
அம்மா, மென்பவளம் யார் வீட்டிலும் வளரும். அக்ரோபோரா வைத்துவிட்டு வந்து பேசுங்கள். அந்தப் பேராசிரியர் சோதித்தவற்றில் மணிக்கு 1,800 லிட்டர் காற்று இழுக்கும் ஸ்கிம்மர் இருந்ததா?

கடல்நுரை:
இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நிற்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் ஸ்கிம்மர் தேவையில்லை என்று புதியவர்களிடம் சொல்வது ஆபத்து. கழிவு அழுகி அம்மோனியாவாகும் முன்பே அதை வெளியே எடுப்பது ஸ்கிம்மர். பாசி உண்பது அழுகிய பின் மிஞ்சும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும்.

கிளமெண்டி அலை:
தேவையில்லை என்று நான் எங்கே சொன்னேன்? என்னிடம் இல்லை என்றேன். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

பொங்கோல் புதியவன்:
வணக்கம். அந்த 850 லிட்டர் தொட்டி என்னுடையது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். சம்ப்பில் ஸ்கிம்மர் நிற்கும் அறையில் நீர்மட்டம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று மட்டும் யாராவது சொன்னால் போதும்.

ஜூரோங் நண்டு:
தம்பி, ஆறடித் தொட்டியா? தண்ணீரே 850 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், சம்ப், அலமாரி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். வீவக அடுக்குமாடி வீடா, தரைவீடா? ஸ்கிம்மரைப் பிறகு வாங்கலாம், தரை தாங்குமா என்று முதலில் கேளுங்கள்.

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
தரையைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். இது ஸ்கிம்மர் இழை. என் மைத்துனர் செந்தோசா அண்டர்வாட்டர் வேர்ல்டு மீன்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். அங்கேயும் காற்றின் அளவைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

ஜூரோங் நண்டு:
அது 2016ஆம் ஆண்டே மூடப்பட்டுவிட்டது. உங்கள் மைத்துனர் இன்னும் அங்கேதான் காற்றை அளந்துகொண்டிருக்கிறாரா?

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
'வேலை பார்த்தவர்' என்றுதான் எழுதியிருக்கிறேன். 1991இல் திறந்தபோதே சேர்ந்தவர். அவர் அனுபவம் உங்கள் வயது இருக்கும்.

ஈசூன் உப்பு:
புதியவருக்கு: பெட்டியோடு வரும் தாளில் நீர்மட்டம் இருக்கும். பெரும்பாலான சம்ப் ஸ்கிம்மர்களுக்கு 20 சென்டிமீட்டரை ஒட்டித்தான் வரும். அளவைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. இந்த வெயிலில் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், தானாக நன்னீர் நிரப்பும் கருவி வைத்துவிடுங்கள். புது ஸ்கிம்மர் படிய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை பொங்கினாலும் பொங்காவிட்டாலும் பதற வேண்டாம். முறுக்கு தின்ற எண்ணெய்க் கையைத் தொட்டிக்குள் விட்டால் நுரை மொத்தமும் அடங்கிவிடும், அதற்கும் பதற வேண்டாம்.

நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கடல்நுரை:
தெம்பனிஸ்காரரே, காற்றோட்டமானி ஒன்றைக் காற்றுக்குழாயில் மாட்டிப் படம் போடுங்கள். பெரிய செலவில்லை. அதிலும் 1,800 காட்டினால் பேசலாம்.

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
குழாயில் எதை மாட்டினாலும் அதுவே காற்றைத் தடுக்கும். அந்த அளவு சரியாக வராது. இது தெரியாமல் 'மானி, மானி' என்று குதிக்கிறீர்கள்.

கடல்நுரை:
ஆக, அளக்கவும் முடியாது, சந்தேகிக்கவும் கூடாது. பெட்டிக்குச் சூடம் காட்டிக் கும்பிட வேண்டியதுதான்.

அளக்க மாட்டீர்கள், சரி. காற்று நுழையும் துளையில் உப்புக் கட்டியிருக்கிறதா என்றாவது பார்த்தீர்களா? அங்கே உப்புப் படிந்தால் பெட்டியில் 1,800 இருக்கும், தொட்டியில் பாதிதான் இருக்கும்.

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
தவறாமல் வெந்நீர் விட்டுக் கழுவுகிறேன். என் காற்றுக்குழாய் சன்னலுக்கு வெளியே போகிறது. குளிர்சாதனம் போட்டு அடைத்த வீட்டில் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுக் கரியமில வாயு கூடும். அந்தக் காற்றை இழுக்கும் ஸ்கிம்மர் தொட்டியின் பிஎச்சைக் கீழே தள்ளும். என்னுடையது இரவிலும் 8.1. உங்களுடையது எவ்வளவு? வாய் திறக்கமாட்டீர்கள்.

கடல்நுரை:
7.9. வாய் திறந்துவிட்டேன். பேச்சு 1,800இல் இருந்தது, பிஎச்சுக்கு எப்படித் தாவியது?

கிளமெண்டி அலை:
40 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினால் மாதம் ஏறக்குறைய 29 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தாலும் எட்டரை வெள்ளிக்கு மேல். நான் பாசிக்கு ஒரு சிறு விளக்கு எரிக்கிறேன், அதுவும் இரவில் மட்டும்.

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் பவளம் வாங்கிவிட்டு எட்டரை வெள்ளிக்குக் கணக்குப் பார்ப்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

பொங்கோல் புதியவன்:
ஈசூன் ஐயாவுக்கு நன்றி. சிராங்கூன் நார்த்தில் ஒரு கடைக்காரர் நேர்மின்னோட்டத்தில் ஓடும் டிசி பம்ப் உள்ளதை எடுக்கச் சொல்கிறார். அதற்கு இந்த 50, 60 ஹெர்ட்ஸ் தொல்லை இல்லையாம், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாமாம். உண்மைதானா?

கடல்நுரை:
உண்மை. ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டே இல்லை என்று சாதிக்கும் தெம்பனிஸ்காரரும் அந்தக் கடைப்பக்கம் ஒருமுறை போய்வரலாம்.

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
பொருட்டில்லை என்று நான் எழுதிய இடத்தைக் காட்டுங்கள். என்னுடையதில் 50 ஹெர்ட்ஸ் இம்பெல்லர் இருக்கிறது என்றுதான் எழுதினேன். டிசியா? கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் தெரியும் சேதி. தம்பி, கடைக்காரர் தன் அலமாரியில் இருப்பதைத்தான் நல்லது என்பார். எது வாங்கினாலும் 1,700 லிட்டருக்கு வாங்குங்கள்.

ஈசூன் உப்பு:
எந்த 1,700? மீன் குறைந்த கணக்கிலா, நிறைந்த கணக்கிலா?

தெம்பனிஸ் தொட்டிக்காரர்:
1,800 லிட்டர் காற்று இழுக்கிற 1,700.