சத்துவாச்சாரி வீடு (குடும்ப குரூப்)

நான் (மதியம் 1:50): பொங்கலுக்கு வாங்கின ரெண்டு பரங்கிக்காய்ல ஒண்ணு அறுக்காமலே இருந்துச்சு. இன்னிக்கு ஓவன்ல ஸ்வீட் பண்றேன். கீழ மசாலா போட்ட பரங்கிக்காய், மேல ஓட்ஸ் மொறுமொறுன்னு. சாயங்காலம் எல்லாரும் வந்துடுங்க.

பெரியப்பா: பரங்கிக்காய்லயா? அல்வாவாமா?

நான்: அல்வா இல்ல பெரியப்பா. வெளிநாட்டுல ஆப்பிள் வச்சு கிரம்பிள்னு பண்ணுவாங்களே, அந்த மாதிரி.

பெரியம்மா: பரங்கிக்காயே வெளிநாட்டுக் காய்தானே. அமெரிக்கா பக்கத்துக் காய், போர்ச்சுகீசியக்காரங்க மூலமா இங்க வந்துச்சு. பறங்கியர் கொண்டாந்ததாலதான் அந்தப் பேரே.

காட்பாடி அத்தை: போன தடவ நான் பண்ணது தண்ணி விட்டு கூழாயிடுச்சுமா. ஏன்னு இன்னும் புரியல.

நான்: குக்கர்ல வேக வச்சீங்களா அத்தை?

காட்பாடி அத்தை: ஆமா, ரெண்டு விசில்.

நான்: அதான். பரங்கிக்காய்ல பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணிதான், குக்கர்ல இன்னும் சேந்துக்கும். நான் தோலோட பெரிய துண்டா ஓவன்ல 200 டிகிரியில 40 நிமிஷம் சுட்டு, சதைய வழிச்சு, தாத்தாவோட பழைய வேட்டித் துணியில கட்டித் தொங்க விட்டேன். ஒரு மணி நேரத்துல அரை டம்ளர் தண்ணி இறங்கியிருக்கு. அது ராத்திரி சாம்பாருக்கு.

காட்பாடி அத்தை: சர்க்கரையா வெல்லமா?

நான்: வெல்லம். அணைக்கட்டுப் பக்கத்துல இருந்து வந்தது. மசிச்ச சதை 2 கப்புக்கு முக்கால் கப். வெல்லம் சேந்ததும் திரும்ப இளகும், அதனால நெய் விட்டு அடுப்புல கிளறணும். கரண்டியால இழுத்தா சட்டியோட அடி தெரியணும், அதுவரைக்கும் விடாதீங்க. அப்புறம் பட்டைப் பொடி, சுக்கு, ரெண்டு கிராம்பு, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, கொஞ்சம் உப்பு. சுக்கு மட்டும் தாராளமா போடணும் அத்தை. பரங்கிக்காயோட அசட்டுத் தித்திப்பு அதுக்குதான் அடங்கும்.

தம்பி: அக்கா, எங்க வீட்ல கஞ்சி வைக்கிற ஓட்ஸ் கீது. அது போதுமா?

நான்: ரெண்டு நிமிஷத்துல வேகுற ஓட்ஸ்னா வேணாம்டா, மாவாயிடும். அவல் மாதிரி தட்டையா, முழுசா இருக்கணும். 1 கப் ஓட்ஸ், அரை கப் கோதுமை மாவு, கால் கப் நாட்டுச் சர்க்கரை, ஒரு கை முந்திரி, 80 கிராம் வெண்ணெய். வெண்ணெய் ஃப்ரிட்ஜ்ல இருந்து அப்பதான் எடுத்ததா இருக்கணும். விரல் நுனியால உதிர்த்து விடு, பிசையாத.

பெரியம்மா: நம்ம ஊரு வெயிலுக்கு வெண்ணெய் நிக்குமா?

நான்: தை மாசம், பயமில்ல பெரியம்மா. போன சித்திரையில பண்ணப்ப கையிலயே உருகி சப்பாத்தி மாவாட்டம் ஆயிடுச்சு. வெந்ததும் ஒரே தகடு, கத்தியே இறங்கல. இப்ப கலந்த உடனே கிண்ணத்தோட 20 நிமிஷம் ஃப்ரீசர்ல வச்சுட்டேன்.

நான் (மாலை 4:35): 📷 180 டிகிரி, 35 நிமிஷம். ஓரத்துல பாருங்க, வெல்லம் கொதிச்சு ஓட்ஸ் இடுக்கு வழியா மேல வந்து கருஞ்சிவப்பா நிக்குது. அந்த ஓரம்தான் ருசி.

பெரியப்பா: பட்டை வாசனை மாடி வரைக்கும் வருது. இறங்கிக்கினே இருக்கோம்.

பெரியம்மா: ஆயா கேக்கறாங்க, பல்லு இல்லாதவளுக்கு இன்னாத்துக்கு மொறுமொறுன்னு.

நான்: ஆயாவுக்கு ஓட்ஸ் போடாம சின்னக் கிண்ணத்துல தனியா வச்சிருக்கேன். கையப் புடிச்சு மெதுவா கூட்டிட்டு வாங்க.

பெரியம்மா (மாலை 6:10): அந்தக் கிண்ணம் அப்படியே கீது. ஆயா உங்க பெரியப்பா தட்டுல இருந்து மேல இருக்குறத மட்டும் எடுத்து, பால்ல ஊற வச்சு சாப்ட்டுக்கினு இருக்காங்க.

காட்பாடி அத்தை: கிரீன் சர்க்கிள்ல மாட்டிக்கினேன்மா, வண்டி நகரவே இல்ல. எனக்கு டப்பாவுல எடுத்து வை.

நான்: டப்பாவுல போட்டா ஆவி அடிச்சு நமுத்துப் போயிடும் அத்தை. ஓவனுக்குள்ளயே மூடாம வச்சிருக்கேன். மெதுவா வாங்க.