தேஜஸை வெளிநாட்டுப் போர்ப் பயிற்சிக்குக் கொண்டுபோவது: சாமான் பரப்புகிற வேலையா?

கோட்டையூரான்:
நேற்று பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ச் சாமானை எல்லோரும் பார்க்கப் பரப்பியிருந்ததைப் பார்த்ததிலிருந்து இதே நினைப்பு. வளவு முற்றம் முழுக்கப் பித்தளை, எவர்சில்வர், ஒரு மூலையில் அப்பத்தா காலத்து ஸ்வீடன் எனாமல் தூக்கு. பாதிக்கு மேல் இனி அடுப்பு ஏறாது. 2023இல் அபுதாபி பக்கம் அல் தஃப்ரா தளத்தில் நடந்த டெசர்ட் ஃபிளாக் பயிற்சிக்கு நாமே செய்த தேஜஸ் போர் விமானம் 5, சரக்கேற்றும் சி-17 விமானம் 2 அனுப்பினார்களே, எனக்கு அதுவும் இந்த ரகமாகத்தான் தெரிகிறது. நாடு தாண்டிப் போய் பல நாட்டு விமானப் படைகளோடு தேஜஸ் பறந்தது அதுதான் முதல் தடவை, பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கியது யார்? பயிற்சி தொடங்கிய அதே பிப்ரவரியில் மலேசியா 18 கொரிய எஃப்ஏ-50 போர் விமானங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது. நம் ஆட்கள் மூன்று தலைமுறை கொண்டுவிற்று வியாபாரம் பார்த்த ஊர் அது!

தேவகோட்டை_டூ_துபாய்:
அண்ணே, நீங்கள் சொல்கிற பரப்புதல் விமானக் கண்காட்சியில் நடப்பது. 2021 நவம்பரில் துபாயில் தேஜஸை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன், ஏழெட்டு நிமிஷம் குட்டிக்கரணம் போட்டு இறங்கியது, பக்கத்தில் நின்ற மலையாளிப் பையன் கை தட்டிக்கொண்டே இருந்தான். பயிற்சி அப்படியில்லை. டெசர்ட் ஃபிளாக் மூன்று வாரம் நடந்தது, நம் ஆட்கள் 110 பேர் போனார்கள். ஒரு தடவை பறந்து இறங்கினால் எரிபொருள் போட்டு, சோதித்து, திரும்ப எத்தனை நேரத்தில் கிளப்ப முடிகிறது, அந்த மணலிலும் புழுதியிலும் ஐந்தில் எத்தனை விமானம் தினமும் எழும்புகிறது, இதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, ஏன் கொரியாவே அந்தப் பயிற்சியில் இருந்தது. அவர்கள் கண் முன்னால் மூன்று வாரம் ஏமாற்ற முடியாது. அதுதான் காட்சி.

மானகிரி_மைனர்:
கண் முன்னால் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் உதைக்கிறது. ஒவ்வொரு ரேடாருக்கும் ஒரு குரல் உண்டு, அதைப் பதிவு செய்து வைத்தால் நாளைக்குச் சண்டையில் அடையாளம் கண்டு முடக்கலாம். அதனால்தான் 2008இல் அமெரிக்காவில் நடந்த ரெட் ஃபிளாக் பயிற்சியில் நம் சுகோய் போர் விமானங்கள் ரேடாரைப் பயிற்சி முறையில் மட்டும் வைத்துப் பறந்தன. நல்ல சரக்கைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போகிறோம். பாதியை மறைத்துக் காட்டினால் வாங்க வருபவன் எதை நம்புவான்? முழுதும் காட்டினால் நமக்குத்தான் ஆபத்து.

அப்புறம், எதைக் காட்டுகிறோம்? என்ஜின் அமெரிக்கா, முதல் ரகமான மார்க் 1இன் ரேடார் இஸ்ரேல், விமானி உட்காரும் சீட் பிரிட்டன்.

தேவகோட்டை_டூ_துபாய்:
உங்கள் வீட்டு நிலை எந்த ஊர் மரம்? பர்மா தேக்கு. தரை இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம். அதைச் செட்டிநாட்டு வீடு என்றுதானே ஊர் ஊராக வந்து பார்க்கிறார்கள். மலேசியா வாங்கிய அந்த எஃப்ஏ-50 இருக்கிறதே, அதிலும் தேஜஸில் இருக்கிற இதே எஃப்-404 குடும்பத்து என்ஜின்தான். ஆக என்ஜினால் போன வியாபாரம் இல்லை அது.

கோட்டையூரான்:
பர்மாவைப் பேசாதீர்கள் தம்பி. 1942இல் நடந்தே வந்தவர்கள் எங்கள் வீட்டில் உண்டு. அடுத்தவன் ஊரை நம்பிப் போட்ட முதல் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதுதான்: 2021இல் 99 என்ஜினுக்கு ஒப்பந்தம், முதல் என்ஜின் வந்தது 2025 மார்ச்சில். நம் விமானப் படை கேட்ட 83 மார்க் 1ஏ ரக தேஜஸ் அதனால் காத்துக் கிடந்தது. வீட்டுக்கே சோறு வெந்தபாடில்லை, விருந்துக்கு ஊரைக் கூப்பிடுகிறோம்.

துவாக்குடி_லேத்:
சொந்த ஊர் கண்டனூர், பிழைப்பு திருச்சி துவாக்குடியில். கணினி சொல்படி உலோகம் கடைகிற சிஎன்சி மெஷின் மூன்று வைத்திருக்கிறேன், விமானப் பாகம் செய்கிற ஒரு பெரிய கம்பெனிக்கு உள்ளங்கை அளவு அலுமினியம் பிராக்கெட் செய்து கொடுக்கிறோம். எந்த விமானத்துக்கு என்று சொல்லமாட்டார்கள், டிராயிங் நம்பர் மட்டும்தான். ஒரு துளை 0.02 மில்லிமீட்டர் தப்பினாலும் மொத்த லாட்டும் திரும்பி வரும். பில் பணம் மட்டும் ஐந்து மாதமாகத் திரும்பி வரவில்லை.

சொல்ல வந்தது வேறு. ஆத்தங்குடியில் என் மச்சான் ஓடு போடுகிறார். வருகிறவர்கள் கண்ணாடி மேல் கலவை ஊற்றுவதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நிஜமாக வாங்குகிறவன் ஒரே கேள்விதான் கேட்பான்: பத்து வருஷம் கழித்து நாலு ஓடு உடைந்தால் இதே பூ, இதே நிறத்தில் கிடைக்குமா? விமானம் வாங்குகிற நாடும் அதைத்தான் கேட்கும், அது 30 வருஷம் ஓட்டுகிற சாமான். அதற்குப் பதில் பாலைவனத்தில் இல்லை, என் மாதிரிப் பட்டறை அதுவரை உயிரோடு இருக்குமா என்பதில் இருக்கிறது.

மானகிரி_மைனர்:
இதைத்தான் நானும் சொல்கிறேன்! பிலிப்பைன்ஸ் 2022இல் நம் பிரமோஸ் ஏவுகணை வாங்கியது, ஏறக்குறைய 375 மில்லியன் டாலர். பயிற்சியில் பார்த்து மயங்கியா வாங்கினார்கள்? கடலில் சீனாக்காரன் தொல்லை, தேவை இருந்தது, வாங்கினார்கள்.

தேவகோட்டை_டூ_துபாய்:
தேவை இருப்பவனுக்கும் நம்பிக்கை வரவேண்டுமே. கொரியா விமானம் ஏன் விற்கிறது? 2017இல் தன் நாட்டு மராவி நகரில் நடந்த சண்டையில் பிலிப்பைன்ஸ் அதை ஓட்டிக் காட்டியது. நம்முடையதை எங்கே ஓட்டிக் காட்டுவது, சொல்லுங்கள். சண்டை வரட்டும் என்று காத்திருப்பதா? 2025 நவம்பர் 21 துபாய்க் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விமானி இறந்தார், அன்று ஆபீசில் அத்தனை நாட்டுக்காரனும் என்னிடம்தான் துக்கம் விசாரித்தான், கூடவே "அந்த விமானம் அவ்வளவுதானா" என்றும் கேட்டான். எட்டு நிமிஷக் காட்சியை வைத்து எடை போடுகிறவர்களுக்குக் காட்ட என்னிடம் இருந்தது அந்த மூன்று வாரம்தான். அதில் ஒன்றும் விழவில்லை என்றேன்.

கோட்டையூரான்:
அந்த விமானிப் பையனை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. அதில் வாதம் இல்லை.

ஆனால் தம்பி, அனுப்புவதென்றால் விமானத்தை மட்டும் ஏன்? புதுக்கோட்டை மாவட்டம் மாத்தூரில், கடலுக்கடியில் பாய்கிற டார்பிடோ குண்டுக்கு வெள்ளி-துத்தநாக பேட்டரி செய்கிறார்கள், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்த மின்வேதியியல் ஆய்வுக்கூடமான சிக்ரி நம் வாசலிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊர், காரைக்குடி பெயர் இல்லை.

மானகிரி_மைனர்:
காரைக்குடியைச் சேர்த்தால் பயிற்சியையும் இங்கேயே வைக்கலாம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைக்குள் சும்மாதான் கிடக்கிறது. பண்ணை மாடுகளை யார் ஓட்டுவது?

துவாக்குடி_லேத்:
மாட்டை நான் ஓட்டுகிறேன் மைனர், அந்த பில்லை யாராவது வாங்கித் தாருங்கள்.