கடலுக்குப் போக முடியாமல் போன பிறகு

காசிமேட்டிலிருந்து ஒருவர்:

விசைப்படகில் வலையை இழுக்கும் விஞ்ச் கயிற்றில் சிக்கி என் இடது கையில் மூன்று விரல்கள் போயின. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971இலிருந்து கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கட்டை விரலையும் சுண்டு விரலையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பிறகு பயிற்சி அறையில் உருக்கிய மெழுகில் கையை முக்குவதும் பட்டாணியைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவதுமாக மாதங்கள் ஓடின. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பிரஸ் மிஷினில் விரலைக் கொடுத்த பையன்களே அதிகம்.

வீட்டுக்கு வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். "உயிர் தப்பியதே பெரிது, கடவுள் ஏதோ கணக்கு வைத்திருப்பார்." என்னைக் கேட்டுவிட்டா கணக்குப் போட்டார்? விடியுமுன் படகுகளின் இன்ஜின் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வேன்.

தெருக்கோடியில் வலை பின்னும் பெரியவர், எனக்குச் சித்தப்பா முறை, ஒருநாள் வந்தார். நலம்கூட விசாரிக்கவில்லை. கிழிந்த வலையைத் திண்ணையில் போட்டார். "ஜூன் 15 படகு இறங்குகிறது. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நீ அடைத்துக் கொடுடா" என்றார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலைக்காரர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது.

"இந்தக் கையாலா?"

"கால் இருக்கிறதல்லவா?"

வலையைக் கால் கட்டை விரலில் மாட்டி விறைப்பாக இழுத்துக்கொள்ள வேண்டும். கண்ணியின் அளவை இடது கை விரலில் பார்ப்பது வழக்கம். எனக்கு அந்த விரல்களே இல்லை. மூங்கில் பட்டை ஒன்றைச் சீவித் தந்தார். நைலான் நூல் வழுக்கும். முடிச்சை ஒழுங்காக இறுக்காவிட்டால் கண்ணி நகர்ந்து, வலை ஒரு பக்கமாக இழுத்துக் கிழியும். நான் போட்ட தளர்ந்த முடிச்சுகளையெல்லாம் பேசாமல் அறுத்தெறிந்தார். பாவம் என்று ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அத்தனை பேர் ஆறுதலை விடவும் அந்த மரியாதைதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது.

இப்போது நான்கு படகுகளுக்கு வலை பார்க்கிறேன்.

திருவொற்றியூரிலிருந்து ஒருவர்:

தம்பி, உங்களுக்கு வேலை கைகொடுத்தது, சந்தோஷம். 2004 சுனாமியில் மகனைக் கொடுத்தவள் நான். எனக்கு வேலை ஒருநாளும் இல்லாமல் போகவில்லை. கூடை தூக்கினேன், மீன் விற்றேன், மனத்தில் எதுவும் ஒட்டவில்லை. அவன் வயதுப் பையன்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர்களுக்கெல்லாம் கல்யாணமாகிவிட்டது. போன டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது, ஒருவனை நிறுத்தி அவன் குழந்தையின் பெயரைக் கேட்டேன். வாழ்க்கைக்கு அர்த்தம் கிடைத்துவிட்டதா என்று கேட்காதீர்கள். பெயரைக் கேட்க முடிந்தது, அவ்வளவுதான்.

காசிமேட்டுக்காரர்:

அக்கா, என் கதையை உங்களுக்கு மருந்தாக நீட்ட மாட்டேன். விரல் போனதும் பிள்ளை போனதும் ஒன்றல்ல.

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்:

விபத்தில் கால் போன என் தம்பிக்கு வலை வேலை சொல்லித் தருவார்களா, அண்ணா?

காசிமேட்டுக்காரர்:

தடைக்காலத்தில் அழைத்து வாருங்கள், ஆள் தேவைப்படும். முதலில் பழைய நூலை அறுத்துச் சுத்தம் செய்யத்தான் விடுவார்கள். என் சித்தப்பாவிடம் உட்கார்ந்தால் திட்டும் வாங்குவான். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.