முப்பது கிலோவில் மூச்சு விட்ட தராசு

கோத்தகிரி உறுப்பினர்:
பச்சைத் தேயிலை எடைபோடும் இடத்தில் தராசு எண் துள்ளினால் என்ன பேச்சு வரும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொள்முதல் நிலையத்துக்கு 60 கிலோ தராசு ஒன்றை நானே கட்டிக் கொடுத்திருந்தேன். லோட் செல் (எடையை மின்னழுத்தமாக்கும் உணரி) தரும் மின்னழுத்தத்தை எண்ணாக்க, ஒரே இன்டெக்ரேட்டர் (வருவதைச் சேர்த்துக்கொண்டே போகும் சுற்று) கொண்ட சிக்மா-டெல்டா சுற்று. சேர்ந்த தொகையைக் கம்பேரேட்டர் ஒவ்வொரு மாதிரியிலும் ஒப்பிட்டு 1 அல்லது 0 தரும். அதுவே பின்னூட்டமாகத் திரும்பி உள்ளீட்டிலிருந்து கழியும். 1-கள் எத்தனை பங்கு என்பதுதான் எடை. நொடிக்கு 10,000 மாதிரிகள். 22 கிலோ மூட்டைக்கு எண் கல்லாக நிற்கும். 30 கிலோவுக்கு இரண்டு மூன்று கிராம் கூடினால் மட்டும் நொடிக்கொரு தரம் 30 கிராம் எகிறி இறங்கும். "தராசு மூச்சு விடுகிறதே தம்பி" என்றார் மூட்டையைப் பிடித்திருந்த பெரியவர்.

லோட் செல்லை மாற்றினேன், கம்பிகளை மாற்றினேன். வீண். ஆஸிலோஸ்கோப்பைக் கம்பேரேட்டரின் வெளியீட்டில் வைத்த பிறகுதான் பிடிபட்டது. சரிபாதி எடையில் அங்கே 010101 என்று ஓடும். 3 கிராம் கூடினால் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை ஒரு 1 மிகுதியாக நுழையும். மற்ற பெரும்பாலான எடைகளில் இந்தத் தாளம் வேகமானது. சராசரி எடுக்கும் வடிகட்டி விழுங்கிவிடும். இதுவோ எடையைப் போலவே மெதுவானது, தப்பிவிடும். சராசரி நேரத்தை நீட்டினேன். எண் நிற்க ஐந்து நொடி ஆனது, மூட்டை வரிசை சாலை வரை போனது.

கடைசியில் அந்தத் தாளத்தைக் கலைக்கப் பின்னூட்ட வளையத்துக்குள்ளேயே இரண்டாவது இன்டெக்ரேட்டரைச் சேர்த்தேன். வளையம் ஊசலாடத் தொடங்கியது. இரண்டும் சேர்ந்து 180 பாகை பின்தங்கினால் பின்னூட்டம் பிழையைத் திருத்தாது, தூண்டிவிடும். இரண்டாவதன் மின்தேக்கியோடு தொடராக ஒரு மின்தடை வைத்ததும் பின்தங்கல் குறைந்து அடங்கியது. 30 கிலோவிலும் மூச்சு நின்றது. மாதிரி வேகத்தை இரட்டித்தால் ஓரடுக்கில் (ஒரு இன்டெக்ரேட்டர்) இரைச்சல் 9 டெசிபல் குறையும், ஈரடுக்கில் 15. இன்டெக்ரேட்டர் கட்ட வேண்டிய ஒரு ஆப்-ஆம்ப் சில்லின் விலைக்கு இது கொள்ளை லாபம்.

கொடைக்கானல் உறுப்பினர்:
எனக்கு நேர்மாறு, அண்ணா. பனிமூட்டம் இறங்கினால் இதே வகைச் சுற்று கொண்ட என் வெப்பமானி சரிபாதி அளவில் ஒட்டிக்கொள்ளும். வெளியே குளிர் கூடினாலும் அசையாது. பலகையில் கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ் (பற்றவைக்கப் பூசும் பசை) ஈரம் குடித்து, இன்டெக்ரேட்டரின் மின்னூட்டத்தைக் கசியவிட்டிருக்கிறது. சிறு மாற்றம் சேர்வதற்குள் ஒழுகிவிடும். ஸ்பிரிட்டால் கழுவி வார்னிஷ் பூசினேன். மூன்றாவது இன்டெக்ரேட்டரும் சேர்க்கலாமா?

கோத்தகிரி உறுப்பினர்:
ஒற்றை பிட் கம்பேரேட்டருடன் வேண்டாம் தம்பி. உள்ளீடு பெரிதானால் வளையம் கைமீறிப் போகும். இன்டெக்ரேட்டர்களின் பெருக்கக் குணகங்களை அடக்கி வைக்கத் தெரிய வேண்டும். முதலில் பின்னூட்டத்துக்குத் தரும், அளவுகோலாக நிற்கும் ரெஃபரன்ஸ் மின்னழுத்தத்தைக் காலையிலும் நடுப்பகலிலும் அளந்து பார். அது நகர்ந்தால் எத்தனை அடுக்கு போட்டாலும் வளையத்துக்குத் தெரியாது.