நந்தி மலையடிவாரத்தில் இருப்பது எந்தத் திராட்சை?

மாந்தோப்புக்காரன் (ராயக்கோட்டை):
நேற்று ஓசூர்த் தம்பி இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "பெங்களூர்க்காரர்கள் ஒரு நாள் ஓய்வுக்கு நந்தி மலையடிவார வைன் தோட்டத்துக்குப் போகட்டும். பெங்களூர் நீலத் திராட்சையைப் பிழிந்து அங்கேயே வைன் செய்கிறார்கள். கிருஷ்ணகிரியில் மாங்காயைத் தவிர என்ன இருக்கிறது?" மாங்காய்க்குப் பிறகு வருகிறேன். அங்கே 1988-இல் தொடங்கிய அந்தக் குரோவர் வைன் தோட்டம் பெயர் வாங்கியது கபர்னே சாவிஞோன், ஷிராஸ் போன்ற பிரெஞ்சு ரகங்களால். நீலத் திராட்சையால் அல்ல.

ஓசூர்வாசி:
அண்ணா, நான் போய்விட்டு வந்தவன். தொட்டபள்ளாபுரம் சாலையில் கல்தூண் நட்ட பந்தலையும் அதில் தொங்கிய நீலக் குலைகளையும் கண்ணால் பார்த்தேன். நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?

மாந்தோப்புக்காரன்:
கல்தூண் பந்தலா? அகப்பட்டுக்கொண்டாய் தம்பி. பந்தலில் ஏற்றுவது சந்தைக்குப் போகும் பழம். வைன் கொடியை இடுப்புயரக் கம்பியில் வேலி போல வரிசையாக ஓட்டியிருப்பார்கள். நீ பார்த்தது சாலையோரத்து விவசாயியின் தோட்டம். நீலத் திராட்சையை விரலால் அழுத்திப் பார், தோல் கையிலேயே நின்றுவிடும், சதை மட்டும் வழுக்கிக்கொண்டு வாய்க்குள் போகும். வைன் பழம் சிறியது, தோல் தடித்தது. மூன்று ஆண்டுகள் அந்தப் பக்கம் கொடி வெட்டும் கவாத்து வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணத்தான்:
கர்நாடகத்தில் நீலத் திராட்சையிலும் இனிப்பு வைன் செய்கிறார்களே ஐயா. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம் அது.

மாந்தோப்புக்காரன்:
கர்நாடகம் முழுவதையும் யார் கேட்டார்கள்? அந்தத் தோட்டத்தில் எந்தத் திராட்சை என்பதுதான் கேள்வி. நீலத் திராட்சை அல்ல.

பாலக்கோடு அக்கா:
திராட்சை எதுவானால் என்ன? இதில் ஓய்வு எங்கே இருக்கிறது? கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர், அங்கிருந்து நந்தி மலை இன்னும் 60. போன மாதம் குழந்தைகளோடு போனோம். அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் தண்ணீர் பாட்டில் காலி, சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். ஒகேனக்கல் போயிருந்தால் பரிசலில் ஏறி, மீன் வறுவல் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு வந்திருப்போம்.

ஓசூர்வாசி:
பாகலூர், மாலூர், ஒசகோட்டை, தேவனஹள்ளி வழியாகப் போயிருந்தால் நகருக்குள் நுழையவே வேண்டாம் அக்கா. வழி தெரியாமல் போய்விட்டு ஊரைக் குறை சொல்லக் கூடாது.

பாலக்கோடு அக்கா:
வழி தெரியாதவளா நான்? போன வருடம் தொப்பூர் கணவாயில் பழுதாகி நின்றபோது யாருக்குத் தொலைபேசியில் அழைத்தாய் என்று இங்கே எழுதட்டுமா?

காவேரிப்பட்டணத்தான்:
ஒகேனக்கல் தருமபுரி மாவட்டம் அக்கா. இங்கே பேச்சு கிருஷ்ணகிரியைப் பற்றி.

பாலக்கோடு அக்கா:
2004 வரை எல்லாம் ஒரே மாவட்டம்தான். பிரிந்து போனவர்கள் நீங்கள்.

மாந்தோப்புக்காரன்:
மாவட்டப் பேச்சை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாங்காய்க்கு வருகிறேன். கிளிமூக்கை நாமே "பெங்களூரா" என்றுதான் அழைக்கிறோம். பெயர் அவர்களுடையது, வியர்வை நம்முடையது. ஆனி மாதத்தில் கூழ் ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது வந்து பாருங்கள், சாலை முழுவதும் பால் வடிந்த காம்பின் வாசனை. விலை கிடைக்காத வருடம் அந்த லாரியிலேயே படுத்துக் கிடந்திருக்கிறேன். அந்தப் பழத்தை "மாங்காயைத் தவிர" என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டான் தம்பி. அது என்னைச் சுட்டது.

ஓசூர்வாசி:
மாங்காயை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த பந்தலில் நீலத் திராட்சைதான் இருந்தது.

மாந்தோப்புக்காரன்:
பந்தல் என்றாலே அது வைன் தோட்டம் அல்ல என்று எத்தனை முறை சொல்வது? கம்பி வரிசையைப் படம் எடுத்தாயா? எடுத்திருந்தால் இங்கே போடு.

ஓசூர்வாசி:
பந்தலைத்தான் எடுத்தேன். இரவு வீட்டுக்குப் போய்ப் போடுகிறேன்.

மாந்தோப்புக்காரன்:
போடு. தூணை எண்ணிச் சொல்கிறேன், அது யாருடைய தோட்டம் என்று.