காங்கோ என்ற பெயரை முதலில் சூடிய நாடு எது? பிரசாவில்லைத் தலைநகராகக் கொண்ட காங்கோ குடியரசா, கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட பெரிய காங்கோ ஜனநாயகக் குடியரசா?

நிலவரைவாளன்:
"பிரசாவில் காங்கோ என்பது பெரிய காங்கோவின் பெயரைப் பிற்பாடு எடுத்துக்கொண்ட குட்டி நாடு" என்று ஏரிக்கரையான் நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. பிரான்சும் அதன் ஆட்சிப்பகுதிகளும் சேர்ந்த பிரெஞ்சுச் சமூகத்துக்குள் தன்னாட்சி பெற்ற மத்திய காங்கோ, அதாவது இன்றைய பிரசாவில் நாடு, 1958 நவம்பர் 28 அன்றே தன்னைக் காங்கோ குடியரசு என்று அறிவித்துவிட்டது. அந்நாளில் காங்கோ ஆற்றின் எதிர்க்கரை பெல்ஜியக் காங்கோ என்ற காலனியாகவே கிடந்தது. யார் யாரிடமிருந்து பெயரை எடுத்தார்கள்?

ஏரிக்கரையான்:
தன்னாட்சி வேறு, விடுதலை வேறு. இன்று கின்ஷாசா எனப்படும் லியோபோல்ட்வில்லைத் தலைநகராகக் கொண்ட காங்கோ 1960 ஜூன் 30 அன்று விடுதலை பெற்றது. பிரசாவில் நாடு ஆகஸ்ட் 15 அன்றுதான் பெற்றது. இறைமை இல்லாத ஆட்சிப்பகுதி எந்தப் பெயரை வைத்துக்கொண்டாலும் அது நாட்டின் பெயராகாது. மேலும், 1885 இல் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டு அமைத்த அரசுக்கே காங்கோ சுதந்திர அரசு என்றுதான் பெயர்.

நிலவரைவாளன்:
நான் கேட்டது குடியரசின் பெயரைப் பற்றி. 1885 இல் இருந்தது ஓர் அரசனின் தனிச்சொத்து; ரப்பருக்காக மக்களை வதைத்த கொடுமை உலகுக்குத் தெரிந்து, 1908 இல் பெல்ஜிய நாடு அதை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. அதைப் பெருமைக்குரிய முன்னோடியாக நீட்டுவதற்கு உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? 1958 நவம்பர் 28. இந்த நாளுக்குப் பதில் சொல்லுங்கள்.

மருதம்:
இருவரும் பொறுமையாகக் கேளுங்கள். பழைய கொங்கோ பேரரசின் தலைநகரான ம்பான்சா கொங்கோ இன்று அங்கோலாவில் இருக்கிறது. பெயரின் மூலத்தைத் தேடுபவர்கள் அங்கிருந்து தொடங்குவதே முறை.

நிலவரைவாளன்:
அம்மா, பேரரசைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி 1958 பற்றியது. பெயர் மீது அத்தனை உரிமை கொண்ட நாடு 1971 இல் அதன் சர்வாதிகாரி மொபுட்டு சொன்னதும் அதைக் கைவிட்டு, 1997 இல் கபிலா ஆட்சியைப் பிடிக்கும் வரை சயீர் என்று ஏன் இருந்தது? பிரசாவில் நாடு மார்க்சியம் பேசிய காலத்திலும் காங்கோ மக்கள் குடியரசாகவே இருந்தது. காங்கோ என்ற சொல்லை ஒருநாளும் விடவில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் பட்டியலில் இன்றும் வெறும் 'காங்கோ' என்று நிற்பது பிரசாவில் நாடுதான்.

ஏரிக்கரையான்:
ஒரு சர்வாதிகாரி மாற்றிய பெயருக்கு மக்கள் பொறுப்பல்ல. இரண்டு நாடுகளும் அந்த அவையில் ஒரே நாளில், 1960 செப்டம்பர் 20 அன்று சேர்ந்தன. குழப்பம் வராதிருக்கத் தலைநகரின் பெயரைச் சேர்த்து அழைத்தார்கள். முன்பொரு முறை நியாமியை நைஜீரியாவின் நகரம் என்று எழுதிவிட்டு, அது நைஜரின் தலைநகர் என்று நான் திருத்தியதிலிருந்தே நீங்கள் என் மீது கோபமாக இருக்கிறீர்கள். அந்தக் கோபத்தை இங்கே தீர்க்க வேண்டாம்.

நிலவரைவாளன்:
நியாமியை இழுத்து 1958 ஐ மறைக்க முடியாது. அப்போது நீங்கள் திருத்திய தொனியை இந்தக் குழுவே பார்த்தது.

மருதம்:
உங்கள் சண்டையில் உண்மையான இடர் மறைந்துபோகிறது. 'காங்கோவில் எபோலா' என்று மட்டும் நம் நாளிதழ்கள் எழுதினால், 23 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நாட்டையா, 3.42 லட்சம் சதுர கிலோமீட்டர் கொண்ட நாட்டையா படிப்பவர் நினைப்பார்? கின்ஷாசாவும் பிரசாவில்லும் ஓர் ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே இருப்பதால், தலைநகரைச் சேர்த்து எழுதுவதே நேர்மை.

ஏரிக்கரையான்:
பரப்பளவை நீங்களே சொல்லிவிட்டீர்கள். காங்கோ என்றதும் உலகம் நினைப்பது கின்ஷாசா நாட்டைத்தான்.

நிலவரைவாளன்:
பரப்பளவைக் கொண்டு மூப்பை அளக்க முடியாது. விடுதலைக்கு முன் வைத்த பெயர் செல்லாது என்றால், 1960 ஆகஸ்ட் 15 அன்று பிரசாவில் நாடு புதிதாக ஒரு பெயரைச் சூடியதா, ஏற்கெனவே இருந்த பெயரோடு விடுதலை பெற்றதா? நேரடியாகப் பதில் எழுதுங்கள்.

ஏரிக்கரையான்:
எழுதிவிட்டேன். ஜூன் 30, ஆகஸ்ட் 15 க்கு முன்னால் வருகிறது.