ஒரு கட்டுரைக்கு நான் இட்ட 58: அரசியல் அறிவியல் டியூட்டர்களின் அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு, கோலாலம்பூர்

கோலாலம்பூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டே, நான்கு பருவங்களாக முதலாமாண்டு மாணவர்களுக்கான மலேசிய அரசியல் பாடத்தில் டியூட்டோரியல் வகுப்புகளை நடத்தி வருகிறேன். விரிவுரையாளர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பெரிய மண்டபத்தில் உரையாற்றுவார். பிறகு மாணவர்கள் பதினெட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து என்னைப் போன்ற ஆய்வு மாணவர்களிடம் வருவார்கள். ஊதியம் வகுப்பில் நிற்கும் நேரத்துக்கு மட்டும்தான். கட்டுரை திருத்தும் இரவுகள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. கிளேம் பாரத்தைக் கொடுத்த பிறகு பணம் கைக்கு வர இரண்டு மாதமான பருவமும் உண்டு. அதைப் பற்றிப் பிறர் நிறைய எழுதியிருப்பதால் நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவியின் கட்டுரைக்கு நான் இட்ட 58 மதிப்பெண்ணைப் பற்றியது அது.

ஆறாம் வாரத்தில் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் வரும். மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைப் பற்றிய 153-ஆவது விதி என்று பலகையில் எழுதியதும், அதுவரை ஒருவரையொருவர் மறுத்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்து கையேட்டைப் பார்க்கத் தொடங்குவார்கள். மலாய் மாணவர்களுக்குத் தாங்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவோமோ என்ற தயக்கம். சீன, இந்திய மாணவர்களுக்கு வாய் திறந்தால் சட்டத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற தயக்கம். பின்னது வெறும் கற்பனையன்று. 1969 மே இனக்கலவரத்துக்குப் பிறகு, 1971-இல் அரசியலமைப்பின் பேச்சுரிமை பற்றிய 10-ஆவது விதி திருத்தப்பட்டு, குடியுரிமை, தேசிய மொழி, 153-ஆவது விதி, ஆட்சியாளர்களின் இறையாண்மை ஆகியவற்றைக் கேள்விக்கு உட்படுத்துவதைத் தடைசெய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குக் கிடைத்தது. ஆனால் அதே திருத்தத்தில், அந்த விதிகள் எப்படி நடைமுறைப்படுத்தப்படுகின்றன என்பதைப் பேசுவதற்கு விலக்கும் உண்டு. இந்த விலக்கை அறியாமலேயே பெரும்பாலான மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு பருவமும் வருத்தம் தருகிறது.

ஆகவே விதிகளின் மூல வாசகத்தை அச்சிட்டு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டு, ஒருவரை எழுந்து சத்தமாக வாசிக்கச் சொல்வேன். 153-ஆவது விதியின் முதல் உட்பிரிவு, மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையையும் பிற சமூகங்களின் நியாயமான நலன்களையும் பாதுகாப்பது மாமன்னரின் பொறுப்பு என்று ஒரே மூச்சில் சொல்கிறது. முதல் பாதியைக் கேட்டே வளர்ந்தவர்கள் இரண்டாம் பாதியை வாசித்துவிட்டு, இது உண்மையிலேயே சட்டத்தில் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் எல்லா இனத்தவரும் உண்டு.

அந்த ஆறாம் வாரத்தில், பேராக்கில் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய் மொழிக்கான ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கடந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்து வந்திருந்த மாணவி ஒருவர் கை தூக்கினார். பேசுவதற்கு முன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். சுதந்திர மலாயாவின் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம் 1957-இல் அளித்த அறிக்கையில், சிறப்பு நிலை 15 ஆண்டுகளுக்குப் பிறகு மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்று பரிந்துரைத்ததையும், இறுதிச் சட்டத்தில் அந்தக் காலவரம்பு இடம்பெறாமல் போனதையும் அவர் எடுத்துச் சொன்னார். எதிர்வரிசையில் இருந்த மலாய் மாணவர் ஒருவர், ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களும் வெளிநாட்டவர்கள் என்றும், அவர்கள் பரிந்துரைத்ததைவிட இந்நாட்டுத் தலைவர்கள் கூடி ஒப்புக்கொண்டதே முக்கியம் என்றும் பதிலளித்தார். இரண்டுமே விவாதிக்கத் தகுந்த வாதங்கள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானோ, இருவர் சொன்னதும் சிந்திக்கத் தக்கது என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

வகுப்பில் என்னை மேடம் என்று அழைக்கும் அந்த மாணவி, வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அக்கா என்றார். "அக்கா, நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?" டியூட்டர் தன் கருத்தைச் சொல்லக்கூடாது என்று விளக்கம் கொடுத்தேன். அவர் கேட்டது என் கருத்தையன்று, இரு வாதங்களின் வலுவையும் பலவீனத்தையும் நான் ஏன் எடைபோடவில்லை என்பதைத்தான் என்று எனக்குப் பின்னரே விளங்கியது.

மூன்று வாரங்களுக்குப் பிறகு அவர் அதே பொருளில் மலாய் மொழியில் கட்டுரை எழுதிக் கொடுத்தார். 58 இட்டேன். ஓரத்தில், நடை உணர்ச்சிவசப்பட்டிருக்கிறது என்று குறிப்பும் எழுதினேன். ஆணையத்தின் உறுப்பினர்களைப் பற்றி அந்த மலாய் மாணவர் எழுதிய கட்டுரைக்கு 71 இட்டேன்.

ஒவ்வொரு டியூட்டரும் திருத்தியவற்றிலிருந்து சில கட்டுரைகளை எடுத்து விரிவுரையாளர் மறுபார்வை செய்வது வழக்கம். அவர் என்னைத் தம் அறைக்கு அழைத்து, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, உணர்ச்சிவசப்பட்ட வாக்கியம் எது என்று காட்டச் சொன்னார். எட்டுப் பக்கங்களையும் புரட்டினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த மாணவி ஆணையத்தின் அறிக்கையைப் பத்தி எண்ணோடு மேற்கோள் காட்டியிருந்தார். ஆணையத்தின் உறுப்பினரான பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீது அளித்த மாற்றுக் குறிப்பையும், அது தம் வாதத்துக்கு எதிரானது என்று தெரிந்தே, எடுத்துக்காட்டிப் பதில் சொல்லியிருந்தார். 71 வாங்கிய கட்டுரையில் அந்த அளவுக்குச் சான்றுகள் இல்லை. தமிழ் மாணவிக்குத் தமிழ் டியூட்டர் மதிப்பெண்ணை வாரிக் கொடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற என் அச்சத்துக்கான விலையை அந்த மாணவியின் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. விரிவுரையாளர் அந்த மாணவியின் கட்டுரையைத் தனியாகத் திருத்தி 72 இட்டார்.

அன்று மாலையே நூலகத்துக்கு வெளியே அந்த மாணவியைச் சந்தித்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "தமிழ்ங்கறதுக்காக நீங்க கூடப் போட மாட்டீங்கன்னு தெரியும் அக்கா. குறைச்சுப் போடுவீங்கன்னு நான் நினைக்கல" என்றார். பிறகு, வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போய், மூன்று குழுக்களிலும் இருந்த மற்ற ஆறு இந்திய மாணவர்களின் கட்டுரைகளை மீண்டும் வாசிக்கத் தொடங்கினேன். மறுநாள் விரிவுரையாளரிடம் சொன்னபோது, அவர்களுடையதை மட்டும் மீண்டும் வாசிப்பதும் ஒரு சார்புதான் என்றார். அது சரியென்று பட்டதால் ஐம்பத்து நான்கையும் இரண்டு வார இறுதிகளில் மறுபடியும் திருத்தினேன். ஒன்பது கட்டுரைகளின் மதிப்பெண் மாறியது; ஆறு ஏறின, மூன்று இறங்கின. இறங்கியவற்றில் ஒன்று ஓர் இந்திய மாணவருடையது.

மற்ற டியூட்டர்களிடம் கேட்க விரும்புவது இதுதான்: உங்கள் சாய்வு எந்த இடத்தில் இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இரண்டாம் பகிர்வு, பினாங்கு

சகோதரியின் கேள்விக்கு என்னுடைய பதில்: நான் தயாரித்த கையேட்டில் இருந்தது.

பினாங்கில் முதுகலை படிக்கும்போது தேர்தல் முறைகள் என்ற பாடத்துக்கு டியூட்டராக இருந்தேன். 2022 நவம்பரில் 15-ஆவது பொதுத்தேர்தல் முடிந்து, எந்தக் கூட்டணிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காமல் நாடு காத்திருந்த வாரம் அது. 18 வயதினருக்கு வாக்குரிமையும் தானியங்கி வாக்காளர் பதிவும் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்திருந்ததால், என் மாணவர்களில் பலர் முதன்முறையாக வாக்களித்துவிட்டு, விரலில் மை அழியாமலேயே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பாங்கி தொகுதியில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், சரவாக்கின் இகான் தொகுதியில் முப்பதாயிரத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் தலா ஓர் இடம். இதை மட்டும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்து, இது நியாயமா என்று கேட்டேன். என்ன விடை வரவேண்டும் என்று நான் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தேன் என்பதை மறுக்க முடியாது.

சரவாக்கின் பெலாகாவிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். தம்முடைய ஹுலு ராஜாங் தொகுதி பரப்பளவில் நாட்டிலேயே பெரியது என்றும், ஆற்றுப்படகில் ஏறி இறங்கி பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் ஒவ்வொரு நீண்டவீட்டுக்கும் போகவேண்டிய ஓர் உறுப்பினரையும், ஒரு மணி நேரத்தில் தொகுதியைச் சுற்றி வந்துவிடும் உறுப்பினரையும் வாக்காளர் எண்ணிக்கையால் மட்டும் எப்படி ஒப்பிடுவீர்கள் என்றும் கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு சீன மாணவி, அப்படியென்றால் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை, அங்கே ஏன் ஐம்பதாயிரம் வாக்காளர்கள்கூட இல்லாமல் ஒரு தொகுதி இருக்கிறது என்று பெலாகா மாணவரைக் கேட்டார். மீதி நாற்பது நிமிடங்களும் அவர்களே பேசினார்கள். நான் செய்ததெல்லாம், 1957-இல் தொகுதிகளுக்கிடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு கூடாது என்றிருந்த வரம்பு 1962-இல் தளர்த்தப்பட்டு 1973-இல் முற்றாக நீக்கப்பட்டதைப் பலகையில் எழுதியதுதான்.

அதற்குப் பிறகு நான் இரண்டு கடைக்கோடிகளை மட்டும் காட்டும் தாளைக் கொடுப்பதில்லை. 222 தொகுதிகளின் பட்டியலையும் பரப்பளவோடு கொடுத்துவிட்டு, எவற்றை ஒப்பிடலாம் என்பதை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். வகுப்பு மெதுவாகத்தான் நகர்கிறது.

மூன்றாம் பகிர்வு, கோலாலம்பூர்

உங்கள் இருவருக்கும் முந்திய காலத்தவன் நான். 2010-இல் முதுகலை மாணவனாக இருந்துகொண்டு டியூட்டோரியல் நடத்தினேன். அந்த ஏப்ரலில் ஹுலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்தபோது, மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் மாணவர்கள் நால்வர் பிரச்சாரக் களத்தில் இருந்ததற்காக ஒழுங்கு நடவடிக்கையை எதிர்கொண்டார்கள். அரசியல் கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்க மாணவர்களுக்குத் தடை விதித்த 15-ஆவது பிரிவு 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டத்தில் அப்போது இருந்தது. அரசியல் படிக்கும் மாணவர் அரசியலைப் போய்ப் பார்த்ததற்கு விசாரணையா என்று என் மாணவர்கள் கேட்டார்கள். அந்தச் சட்டப்படி நானும் ஒரு மாணவன்தான் என்பதை அவர்கள் மறந்திருந்தார்கள், நான் மறக்கவில்லை.

ஆகவே கட்சிகளைப் பற்றிய வாரத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எந்தக் கட்சியின் பெயர் வருகிறதோ அதன் தரப்பை எடுத்துப் பேசவேண்டும். சொந்தக் கருத்தென்று யாரும் குற்றஞ்சாட்ட முடியாது. அப்பா அன்றைய ஆளும் கூட்டணியின் ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) கிளைத் தலைவராக இருந்த மாணவருக்கு எதிர்க்கட்சியான ஜ.செ.க. (ஜனநாயகச் செயல் கட்சி) வந்தது. அவர் தயாரித்துக்கொண்டு வந்து பேசியது அந்தப் பருவத்திலேயே சிறந்த உரை. 2011 அக்டோபர் 31-இல், அந்த நால்வர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், அந்தத் தடை பேச்சுரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை வகுப்பில் வாசித்த அன்று, இனிச் சீட்டு வேண்டாம் என்று மாணவர்களிடம் சொன்னேன். அவர்களோ சீட்டுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

முதல் பகிர்வை எழுதியவரிடம் ஒன்று கேட்கவேண்டும். இப்போது பெயரைப் பார்க்காமல் எப்படித் திருத்துகிறீர்கள்? என் காலத்தில் கையெழுத்தே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மறுமொழி

இப்போது எல்லாம் தட்டச்சில் வருவதால் அந்தச் சிக்கல் பாதி குறைந்திருக்கிறது. முதல் பக்கத்தில் பெயரும் மெட்ரிக் எண்ணும் இருக்கும். வகுப்புத் தலைவர் அந்தப் பக்கங்களைக் கழற்றி ஓர் உறையில் வைத்துக்கொண்டு, கட்டுரைகளில் 1 முதல் 54 வரை எண் இட்டுத் தருகிறார். மூன்று குழுக்களையும் கலந்தே அடுக்குகிறார். உணர்ச்சிவசப்பட்டது, சமநிலை இல்லை என்பன போன்ற குறிப்பை எழுத நேர்ந்தால், எந்த வாக்கியம் என்பதை அடிக்கோடிட்ட பிறகே எழுதுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கோடு போட வாக்கியம் கிடைக்காமல் குறிப்பைக் கைவிட்டது இந்தப் பருவத்தில் நான்கு முறை நடந்திருக்கிறது.

இன்னும் பதினோரு கட்டுரைகள் மீதம் இருக்கின்றன. பதினான்காம் வாரத்துக்குள் முடித்து, உறையைத் திறக்கவேண்டும்.